மோட்டார் கொட்டகையில் பெயர் தெரியாத இரண்டு கேன்கள்

கேள்வி: எங்கள் மோட்டார் கொட்டகையில் 5 லிட்டர் கேன் இரண்டு கிடக்கின்றன. அப்பா காலத்தில் வாங்கியவை. லேபிளை எலி கடித்துவிட்டது. ஒன்றில் வெளிர் மஞ்சளாகத் தண்ணீர் மாதிரி ஒரு திரவம். இன்னொன்றில் நிறமே இல்லை. அசைத்தால் எண்ணெய் மாதிரி மெதுவாக ஆடுகிறது. இரண்டும் சொட்டுநீர்க் குழாய் சுத்தம் செய்ய வாங்கிய ஆசிட்தான் என்று அம்மா சொல்கிறார். இப்போது தக்காளியில் பாதி டிரிப்பர் உப்பு அடைத்துக் கிடக்கிறது. இரண்டையும் கலந்து வென்சுரியில் விட்டால் அடைப்பு போய்விடுமா? எவ்வளவு விட வேண்டும்?
– தர்மபுரி மாவட்ட வாசகர் ஒருவர்

பதில்: இந்தக் கடிதத்துக்கு இதழ் அச்சாகி வரும்வரை காத்திருக்க முடியாது. "கலக்காதீர்கள், இப்போதைக்கு மூடியைத் திறக்கவும் வேண்டாம்" என்று அன்றைக்கே அவருக்குப் போனில் சொல்லியாயிற்று. அதன் பிறகு அவர் என்ன செய்தார், கேன்களில் இருந்தது என்ன என்பது எல்லோருக்கும் பயன்படும் சங்கதி. சொட்டுநீர் போட்டிருக்கிற பல கொட்டகைகளில் இப்படிப் பெயர் போன கேன் ஒன்றாவது மூலையில் இருக்கும்.

திறக்காமலே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. அது எடை. தண்ணீர் 5 லிட்டர் என்றால் 5 கிலோ. ஆசிட்டுகள் அப்படியில்லை. கடையில் கிடைக்கும் அடர்த்தியில் ஹைட்ரோகுளோரிக் ஆசிட் 5 லிட்டர் ஏறக்குறைய 5.8 கிலோ நிற்கும். நைட்ரிக் 7 கிலோ. பாஸ்பாரிக் 8.4 கிலோ. அடர் சல்பியூரிக், அதாவது கந்தக அமிலம், 9.2 கிலோ. கேன் வெடிப்போ கசிவோ இல்லாமல் திடமாக இருந்தால் மட்டும் தராசில் வைக்கலாம். அதே மாதிரி வெறுங்கேன் ஒன்றை நிறுத்துக் கழித்துக்கொள்ள வேண்டும். வெயிலில் கிடந்து மொறமொறத்துப் போன பிளாஸ்டிக் என்றால் தூக்கவே கூடாது. பாதி வழியில் கைப்பிடி கையோடு வந்துவிடும்.

வாசகரின் இரண்டு கேன்களும் 5 லிட்டர் கோடு வரை இருந்தன. வெறுங்கேன் கழித்துப் பார்த்ததில் நிறமில்லாதது 9.2 கிலோ, மஞ்சள் 6 கிலோ. முதலாவது கந்தக அமிலமாக இருக்கலாம் என்று எடையே காட்டிக்கொடுத்தது. மஞ்சளை அவர் ஹைட்ரோகுளோரிக் என்றே முடிவு கட்டிவிட்டார். எடை கிட்டத்தட்ட ஒத்துப்போகிறது, நிறமும் ஒத்துப்போகிறது. தொழிற்சாலைத் தர ஹைட்ரோகுளோரிக்கில் இரும்பு கலந்திருப்பதால் அது வெளிர் மஞ்சளாகத்தான் இருக்கும். ஒரே ஒரு விஷயம் இடித்தது. மஞ்சள் கேனின் வயிறு கொஞ்சம் உப்பியிருந்தது.

அவருடைய மகள் பக்கத்து ஊர் மேல்நிலைப் பள்ளியில் பிளஸ் டூ படிக்கிறாள். வேதியியல் செய்முறையில் உப்புப் பகுப்பாய்வு செய்கிறவள். அவளுடைய ஆசிரியரிடம் விஷயம் போயிற்று. ஆசிரியர் சொன்னபடி, ரப்பர் கையுறையும் கண்ணாடியும் போட்டு, கொட்டகைக்கு வெளியே, காற்று முதுகுப் பக்கமிருந்து அடிக்கிற மாதிரி நின்று, கண்ணாடிச் சொட்டுக்குழாயால் இரண்டு சிறு கண்ணாடிப் புட்டிகளில் பத்துப் பத்து சொட்டு எடுத்து, பிளாஸ்டிக் மூடி போட்டார்கள். உலோக மூடி கூடாது. ஆசிட் அதைத் தின்றுவிடும். புட்டிகளைத் தனித்தனிப் பையில், தனித்தனியாகக் கொண்டுபோனார்கள்.

ஆசிரியர் முதலில் செய்தது, எந்த ஆசிட் என்று பார்த்தது அல்ல. ஆசிட்தானா என்று பார்த்தார். இதை எல்லோரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். விவசாயிகள் கொட்டகையில் பெயரில்லாமல் கிடக்கும் திரவம் களைக்கொல்லியாக இருக்கலாம், உரக் கரைசலாக இருக்கலாம், எதுவாகவும் இருக்கலாம். ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு லிட்மஸ் தாளைத் தொட்டார். நிறமில்லாத திரவம் நீல லிட்மஸைச் சிவப்பாக்கியது, அது ஆசிட்தான். மஞ்சள் திரவம் சிவப்பு லிட்மஸை நீலமாக்கியது. அது மட்டுமல்ல, சற்று நேரத்தில் தாளின் நிறமே வெளுத்துப்போய் வெள்ளையாக நின்றது. மஞ்சள் துணியில் சோப்புப் பட்டால் சிவப்பதை வீட்டில் எல்லோரும் பார்த்திருப்பார்கள்; காரம் பட்டால் மஞ்சள் அப்படித்தான் மாறும். மஞ்சள் தடவிய தாளில் அந்தத் திரவத்தை ஒரு சொட்டு வைத்தபோது முதலில் சிவந்தது, பிறகு அதுவும் வெளுத்தது. காரமாகவும் இருக்கிறது, வெளுக்கவும் வைக்கிறது. ப்ளீச்சிங் பவுடர் வாடை வேறு. அது ஆசிட்டே இல்லை. சோடியம் ஹைப்போகுளோரைட், திரவக் குளோரின்.

சொட்டுநீர்க் குழாயில் இரண்டு வகை அடைப்பு வரும். கடின நீரின் சுண்ணாம்பு உப்பு படிவது ஒன்று, அதற்கு ஆசிட். பாசியும் பாக்டீரியாவும் வழவழப்பாகப் படிவது இன்னொன்று; அதற்குக் குளோரின். வாசகரின் அப்பா இரண்டையும் வாங்கிச் சரியாகத்தான் பயன்படுத்தியிருக்கிறார். ஒரே மாதிரி வெள்ளைக் கேனில் வந்ததும், எலி லேபிளைத் தின்றதும்தான் வினை. ஹைப்போகுளோரைட் வெக்கையில் மெல்லச் சிதைந்து ஆக்ஸிஜன் வாயுவை விடும். கேன் வயிறு உப்பியது அதனால்தான்.

இந்த இரண்டையும் அவர் நினைத்தபடி கலந்திருந்தால்? ஹைப்போகுளோரைட்டில் ஆசிட் பட்டால் குளோரின் வாயு கிளம்பும். புதிய சரக்காக இருந்தால் 5 லிட்டர் கேனில் நூறு லிட்டருக்கு மேல் வாயு வரும். பழைய சரக்கில் குறையும். ஆனால் ஒரு மோட்டார் கொட்டகைக்கு அதுவே அதிகம். குளோரின் காற்றைவிட இரண்டரை மடங்கு கனமானது. மேலே போகாமல் தரையோடு தேங்கும். குனிந்து ஊற்றிக்கொண்டிருக்கிறவரின் முகம் இருக்கிற உயரத்தில் தேங்கும். 1915 ஏப்ரலில், முதல் உலகப்போரில், பெல்ஜியத்தின் ஈப்ரே நகருக்கு அருகே ஜெர்மன் படை எதிரிப் பதுங்குகுழிகள் மீது சிலிண்டர் சிலிண்டராகத் திறந்துவிட்டது இதே வாயுவைத்தான். பதுங்குகுழிக்குள் இறங்கித் தேங்கும் என்பதும் அதைத் தேர்ந்தெடுக்க ஒரு காரணம்.

இனி நிறமில்லாத கேன். அது ஆசிட் என்பது வரைக்கும் தெரிந்துவிட்டது. எந்த ஆசிட்? எல்லா ஆசிட்டுக்கும் புளிப்பைத் தருவது ஒன்றுதான், ஹைட்ரஜன் அயனி. அதனால் லிட்மஸ் எல்லாவற்றையும் ஒரே மாதிரிதான் காட்டும். சமையல் சோடாவில் விட்டாலும் எல்லாம் ஒரே மாதிரி நுரைக்கும். வேறுபடுவது அதோடு சேர்ந்திருக்கும் துணை. ஹைட்ரோகுளோரிக்கில் குளோரைடு, கந்தக அமிலத்தில் சல்பேட், நைட்ரிக்கில் நைட்ரேட், பாஸ்பாரிக்கில் பாஸ்பேட். ஆசிட்டின் பெயரைக் கேட்க வேண்டுமென்றால் துணையைத்தான் விசாரிக்க வேண்டும். ஒவ்வொரு துணையையும் பிடித்துக்கொடுக்கும் மருந்து தனித்தனி.

மகள் கையாலேயே செய்யட்டும் என்று ஆசிரியர் விட்டுவிட்டார். அவள் சோதனைக்குழாயில் தண்ணீர் எடுத்து, அதில் ஒரு சொட்டு ஆசிட் விட்டாள். தண்ணீரில்தான் ஆசிட், ஆசிட்டில் தண்ணீர் அல்ல. மாற்றிச் செய்தால் கந்தக அமிலம் கொதித்து முகத்தில் தெறிக்கும். பேரியம் குளோரைடு கரைசல் விட்டாள். பால் மாதிரி வெள்ளை. சல்பேட் என்று எழுதிக்கொண்டாள். இன்னொரு குழாயில் சில்வர் நைட்ரேட் விட்டாள், அதுவும் வெள்ளை. குளோரைடும் இருக்கிறதே என்று திகைத்து நின்றாள்.

ஆசிரியர் ஆசிட்டே விடாமல் வெறும் தண்ணீரில் சில்வர் நைட்ரேட் விட்டுக் காட்டினார். அப்போதும் வெள்ளை. அவள் பிடித்தது பள்ளிக்கூடக் குழாய்த் தண்ணீர், போர்வெல் தண்ணீர். அதிலேயே குளோரைடு இருந்தது. அந்தப் பக்கத்துத் தண்ணீரின் உப்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. பெட்ரோல் பங்கில் பேட்டரிக்கு விற்கும் டிஸ்டில்டு வாட்டர் வாங்கிவந்து, குழாய்களையும் அதிலேயே அலசி, மறுபடி ஆரம்பித்தார்கள். இந்த முறை வெறும் தண்ணீரில் எதுவும் வரவில்லை. ஆசிட் சொட்டு விட்டதில், நைட்ரிக் ஆசிட் சில சொட்டு சேர்த்த பிறகு சில்வர் நைட்ரேட் தெளிவாகவே நின்றது. ஹைட்ரோகுளோரிக்காக இருந்திருந்தால் தயிர் திரிந்த மாதிரி வெள்ளை வீழ்படிவு வந்து, அம்மோனியா விட்டால் கரைந்துபோயிருக்கும். அடுத்த குழாயில் பேரியம் குளோரைடு. நீர்த்த ஹைட்ரோகுளோரிக் சில சொட்டு விட்ட பிறகும் வெள்ளை கரையாமல் அடியில் இறங்கியது. அப்படி ஆசிட் சேர்ப்பது எதற்கென்றால், கார்பனேட்டும் பாஸ்பேட்டும்கூடப் பேரியத்தோடு வெள்ளையாக வரும். ஆனால் ஆசிட் இருந்தால் அவை கரைந்துவிடும், சல்பேட் மட்டும்தான் தாக்குப்பிடிக்கும். ஹைட்ரோகுளோரிக் சேர்த்த குழாயில் குளோரைடைத் தேடக் கூடாது என்பதையும் அவள் அன்றைக்குத்தான் புரிந்துகொண்டிருப்பாள். புத்தகத்தில் இருப்பதுதான், ஆனால் தேர்வுக்குப் படிக்கும்போது அது வெறும் வரி.

அம்மோனியம் மாலிப்டேட்டும் நைட்ரிக் ஆசிட்டும் சேர்த்து இளஞ்சூடாக்கியதில் மஞ்சள் வரவில்லை, பாஸ்பாரிக் இல்லை. பெரஸ் சல்பேட் வளையச் சோதனையில் பழுப்பு வளையம் வரவில்லை, நைட்ரிக்கும் இல்லை. கடைசியாக, தண்ணீர் கலக்காத ஆசிட்டை ஒரு சொட்டு வடிதாளில் வைத்தார் ஆசிரியர். தாள் கருகிப்போயிற்று. அடர் கந்தக அமிலம்தான். தராசு சொன்னதும் அதுவே.

பெயர் தெரிந்து என்ன ஆகப்போகிறது, எல்லாம் உப்பைக் கரைக்கிற ஆசிட்தானே என்று கேட்கலாம். அளவு மாறும். கடையில் கிடைக்கும் ஹைட்ரோகுளோரிக் ஒரு லிட்டருக்கு உள்ள வலுவை ஒரு பங்கு என்று வைத்தால், நைட்ரிக்கும் பாஸ்பாரிக்கும் ஏறக்குறைய ஒன்றரைப் பங்கு. அடர் கந்தக அமிலம் மூன்றரைப் பங்கு. சொட்டுநீர்க் கம்பெனிக்காரர்களும் அண்டை வீட்டுக்காரர்களும் சொல்லும் அளவெல்லாம் பெரும்பாலும் ஹைட்ரோகுளோரிக்குக்குத்தான். அந்த அளவில் கந்தக அமிலத்தை விட்டால் மூன்றரை மடங்கு ஆசிட் தக்காளி வேருக்குப் போகும்.

அளவை யாரிடமும் கேட்கவே வேண்டாம், தண்ணீரிடமே கேட்கலாம். பிளாஸ்டிக் வாளியில் சொந்தப் போர்வெல் தண்ணீர் 10 லிட்டர் எடுத்து, ஆசிட்டை அரை அரை மில்லியாக விட்டுக் கலக்கி, பி.ஹெச். தாளால் பார்த்துக்கொண்டே வர வேண்டும். பி.ஹெச். 4-க்கு வரும்போது நிறுத்திக்கொள்ளலாம். ஹைட்ரோகுளோரிக் 7 மில்லி பிடிக்கும் தண்ணீருக்கு அடர் கந்தக அமிலம் 2 மில்லியே போதும். அந்தக் கணக்கில் 1,000 லிட்டருக்குப் பெருக்கிக்கொண்டு, ஆசிட்டை முதலில் நிறையத் தண்ணீரில் நீர்த்து, பிறகு வென்சுரியில் விட வேண்டும். கடைசி டிரிப்பரில் வரும் தண்ணீரிலும் பி.ஹெச். 4 காட்டியதும் மோட்டாரை நிறுத்தி, 24 மணி நேரம் அப்படியே விட்டு, மறுநாள் சப்மெயின் ஃப்ளஷ் வால்வையும் லேட்டரல் முனைகளையும் திறந்து அலசிவிட வேண்டும். பி.ஹெச். தாள் இல்லாமல் ஆசிட் சிகிச்சையில் இறங்குவதைவிட அடைத்த டிரிப்பரைக் குண்டூசியால் குத்திக்கொண்டிருப்பது மேல்.

அதற்கு முன் அடைப்பு எது என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும். அடைத்த டிரிப்பர் ஒன்றைப் பிரித்து எலுமிச்சைச் சாற்றில் போட்டால், சுண்ணாம்புப் படிவு என்றால் சிறு குமிழ் விட்டுக் கரையும். குமிழே இல்லாமல் வழவழவென்று இருந்தால் அது பாசி, ஆசிட் வீண். கந்தக அமிலத்தில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. கால்சியம் மிக அதிகமுள்ள தண்ணீரில் அதன் சல்பேட் கால்சியத்தோடு சேர்ந்து ஜிப்சமாகப் படியலாம். ஜிப்சம் அடைப்பு ஆசிட்டுக்கு மசியாது. அப்படிப்பட்ட தண்ணீருக்கு ஹைட்ரோகுளோரிக்கே நல்லது. வாசகர் தண்ணீர்ப் பரிசோதனை அறிக்கையைப் பார்த்து, வாளிக் கணக்குப் போட்டு, கந்தக அமிலத்தையே நீர்த்துப் பயன்படுத்தினார். பெரும்பாலான டிரிப்பர்கள் திறந்துகொண்டன. திறக்காதவற்றை மாற்றிவிட்டார். ஹைப்போகுளோரைட் கேன் இப்போது வேறு கட்டடத்தில், நிழலில் இருக்கிறது. இரண்டு கேனின் உடம்பிலும் பெயரையும் தேதியையும் பெயின்ட்டால் எழுதியாயிற்று. எலிக்குப் பசை தடவிய காகிதம் பிடிக்கும், பெயின்ட் பிடிக்காது.

கேள்வி: ரப்பர் பால் உறைய வைக்க பார்மிக் ஆசிட் என்று சொல்லித்தான் வாங்குகிறோம். இந்தத் தடவை விலை குறைவாகக் கொடுத்தார்கள். ஷீட் ஒட்டலாகவும் நிறம் மங்கலாகவும் வருகிறது. அது பார்மிக்தானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?
– கன்னியாகுமரி மாவட்ட வாசகி ஒருவர்

பதில்: ஷீட் கெடுவதற்குப் புகைக்கூடம், பால் வடித்த பாத்திரம், மழை என்று பத்துக் காரணம் இருக்கலாம். ஆனாலும் அவருடைய சந்தேகம் நியாயமானதுதான். பார்மிக்கை விடக் கந்தக அமிலம் மலிவு. பாலை அதுவும் உறைய வைக்கும் என்பதால் உறைந்ததை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. பார்மிக் ஆவியாகும் ஆசிட். ஷீட்டை அலசும்போதும் உலர்த்தும்போதும் போய்விடும். கந்தக அமிலம் ஆவியாகாது. சரியாக அலசாவிட்டால் ஷீட்டிலேயே தங்கி, நாளாக ஆக ரப்பரைக் கெடுக்கும். உறைய வைக்கும் தட்டையும் ரோலரையும் அரிக்கும்.

தராசு இங்கே முழுதாகக் கைகொடுக்காது. 85 சதவீத பார்மிக் ஒரு லிட்டர் ஏறக்குறைய 1.2 கிலோ. தண்ணீர் கலந்த கந்தக அமிலத்தையும் அந்த எடைக்குக் கொண்டுவந்துவிடலாம். பேரியம் குளோரைடு சோதனை தப்பாது. டிஸ்டில்டு வாட்டரில் ஒரு சொட்டு ஆசிட், நீர்த்த ஹைட்ரோகுளோரிக் இரண்டு சொட்டு, பிறகு பேரியம் குளோரைடு. சுத்தமான பார்மிக் என்றால் குழாய் தெளிவாக நிற்கும். கந்தக அமிலம் கலந்திருந்தால் வெள்ளை வீழ்படிவு வரும். பேரியம் குளோரைடு விஷம் என்பதால் இதைப் பள்ளி, கல்லூரி ஆய்வகத்தில்தான் செய்ய வேண்டும், சமையலறையில் அல்ல. இதில் தெளிவாக நின்றால் அது பார்மிக்தான் என்று அர்த்தமில்லை, சல்பேட் இல்லை என்று மட்டும்தான் அர்த்தம். அசிட்டிக் ஆசிட்டாகவும் இருக்கலாம். இளஞ்சூட்டில் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டின் ஊதா நிறத்தைப் பார்மிக் போக்கிவிடும், அசிட்டிக் போக்காது. நடுநிலையாக்கிய பார்மிக் அம்மோனியா கலந்த சில்வர் நைட்ரேட்டோடு சூடாக்கும்போது குழாயின் உள்பக்கம் கண்ணாடி மாதிரி வெள்ளி படியும், அசிட்டிக்கில் படியாது. வலு எவ்வளவு என்று தெரிய வேண்டுமானால் டைட்ரேஷன் செய்துதான் பார்க்க வேண்டும்.

இங்கேயும் கலப்பதில் ஆபத்து உண்டு. "கொஞ்சம் பார்மிக், கொஞ்சம் சல்பியூரிக் கலந்தால் செலவு மிச்சம்" என்று யாராவது யோசனை சொன்னால் கேட்க வேண்டாம். அடர் கந்தக அமிலம் பட்டால் பார்மிக்கிலிருந்து கார்பன் மோனாக்சைடு வரும். குளோரினுக்காவது வாடை உண்டு, நிறம் உண்டு. இதற்கு இரண்டும் கிடையாது. ஆளைச் சத்தமில்லாமல் சாய்த்துவிடும்.

கேள்வி: பழைய டிராக்டர் பேட்டரியில் இருக்கும் ஆசிட்டும் சல்பியூரிக்தானே? அதைச் சொட்டுநீருக்கு விடலாமா?

பதில்: விடக் கூடாது. பேரியம் குளோரைடு விட்டால் சல்பேட் என்றுதான் காட்டும். ஆனால் அந்தச் சோதனை சல்பேட்டை மட்டும்தான் கேட்கிறது. ஈயம் இருக்கிறதா என்று கேட்பதில்லை. ஓடித் தேய்ந்த பேட்டரியின் ஆசிட்டில் ஈயத் தகடுகளிலிருந்து வந்த ஈயம் கலந்திருக்கும். அது மண்ணில் சேர்ந்தால் போகாது, கீரையிலும் கிழங்கிலும் வரும். பேட்டரியை ஆசிட்டோடு அப்படியே, வாங்கிய கடையில் திருப்பிக் கொடுத்துவிடுவதுதான் வழி.

கேள்வி: என்ன ஆசிட் என்று தெரிந்த பிறகு, வேண்டாத மிச்சத்தை என்ன செய்வது? குழந்தைகள் இருக்கும் வீடு.

பதில்: தெரியாதவரை எதுவும் செய்யக் கூடாது, கேனை நிமிர்த்திப் பூட்டி வைக்க வேண்டும். சோதனை செய்துதர மண் பரிசோதனை நிலையத்திலும் கேட்டுப் பார்க்கலாம். தண்ணீரில் குளோரைடு பார்க்கச் சில்வர் நைட்ரேட்டும், பாஸ்பரஸ் பார்க்க மாலிப்டேட்டும் அங்கே தினசரி புழங்குகிற மருந்துகள்தாம். ஆசிட்டைக் கண்டுபிடித்துத் தருவது அவர்கள் வழக்கமாகச் செய்யும் வேலை அல்ல. முன்கூட்டிச் சொல்லாமல் புட்டியோடு போய் நிற்க வேண்டாம்.

தெரிந்த பிறகு, பெரிய பிளாஸ்டிக் டிரம்மில் முக்கால் பங்கு தண்ணீர் ஊற்றி, அதில் ஆசிட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, ஆறியதும் நீற்றிய சுண்ணாம்பைக் கரைத்து ஊற்றிப் பி.ஹெச். 7 வரை கொண்டுவரலாம். ஹைட்ரோகுளோரிக் 1 லிட்டருக்குச் சுண்ணாம்பு ஏறக்குறைய 400 கிராம் பிடிக்கும். அடர் கந்தக அமிலம் 1 லிட்டருக்கு ஏறக்குறைய 1.4 கிலோ. மூன்றரைப் பங்கு என்ற கணக்கு இங்கேயும் அதேதான். கந்தக அமிலத்தில் அடியில் வெள்ளையாகத் தங்குவது ஜிப்சம். கிணற்றோரத்திலும் மீன் குட்டையிலும் கொட்ட வேண்டாம். மிச்சம் அதிகமாக இருந்தால் வாங்கிய கடைக்காரரிடமே பேசிப் பார்க்கலாம். 2013-ல் உச்ச நீதிமன்றம் சில்லறை ஆசிட் விற்பனைக்குக் கட்டுப்பாடு விதித்ததிலிருந்து, வாங்குபவரின் அடையாள அட்டையைப் பார்த்துப் பதிவேட்டில் எழுதித்தான் கடையில் கொடுக்க வேண்டும். 18 வயதுக்குக் குறைந்தவருக்குக் கொடுக்கவே கூடாது. ரசீதைப் பத்திரப்படுத்தியிருந்தால் கேனில் என்ன என்ற கேள்வியே வராது.

வைக்கும் இடத்தில் கவனிக்க வேண்டியது இன்னொன்று. எலிக்கு வைக்கும் துத்தநாக பாஸ்பைடு பொட்டலத்தைப் பல வீடுகளில் ஆசிட் கேன் பக்கத்திலேயே செருகி வைத்திருக்கிறார்கள். அதில் ஆசிட் பட்டால் பாஸ்பீன் என்ற கொடிய விஷவாயு வரும். எலியின் வயிற்று ஆசிட்டில் நடப்பதும் அதுதான். அதனால்தான் எலி சாகிறது. ப்ளீச்சிங் பவுடர், எலி மருந்து, ஆசிட் மூன்றும் ஒரே அலமாரியில் இருக்கக் கூடாது. குடிக்கும் பாட்டிலில், ஜூஸ் பாட்டிலில் ஆசிட்டை மாற்றி வைக்கவே கூடாது.

தோலிலோ கண்ணிலோ பட்டால் உடனே ஓடும் தண்ணீரில் குறைந்தது 15 நிமிடம், கண் என்றால் 20 நிமிடம் கழுவிக்கொண்டே இருக்க வேண்டும். சுண்ணாம்பு, மஞ்சள், எண்ணெய் எதுவும் தடவக் கூடாது. யாராவது குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல் 108-ஐ அழைக்க வேண்டும். கேனை மூடி கெட்டியாக மாட்டி, கூடவே ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போக வேண்டும். அங்கே டாக்டர் கேட்கும் முதல் கேள்வியே அது என்ன ஆசிட் என்பதாகத்தான் இருக்கும்.